முழு வானம் வந்துவிட்டது, பாய்

பாய்,

இன்று காலை டிவி ரிமோட் மறுபடியும் மக்கர் செய்தது. என் வீட்டுக்காரி அதை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "செத்துப்போச்சு" என்று என்னிடம் நீட்டினாள். நான் செல்போனில் முகம் பார்க்கிற பக்கத்துக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகப் பிடித்து பட்டனை அமுக்கினேன். திரையில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுக்கென்று வந்து போனது. "ரிமோட்டு உசுரோடதான் இருக்குது. டிவிதான் சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது, உன்னையாட்ட" என்றேன். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது.

அந்த ஊதாப் புள்ளி எனக்கு அறிமுகமானது உங்கள் வீட்டு வாசற்படியில். போன வருடம், ஊட்டி சீசன் கூட்டம் குறையத் தொடங்கியிருந்த சமயம். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் மூத்தவள் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு உங்களைப் பார்க்க வந்திருந்தேன். அவள் அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வானத்தைப் படிக்கிறாள். நான் பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன். முதல் தடவை கணக்கிலும் அறிவியலிலும் போனது. இரண்டாம் தடவை கணக்கு தேறியது, அறிவியலில் போனது. நான் கோட்டைவிட்ட பாடத்திலேயே என் மகள் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்று டாக்ஸி ஸ்டேண்டில் பீற்றிக்கொண்டபோது, "நல்லவேளை, புள்ளைக்கு அம்மா ஜாடை" என்றவர் நீங்கள்.

அன்று அவள் உங்கள் வீட்டு ரிமோட்டை எடுத்து என் செல்போனில் அந்த வித்தையைக் காட்டினாள்.

"மாமா, இது ஒரு வெளிச்சம். சிவப்புக்கும் அந்தாண்ட இருக்குது. அகச்சிவப்புன்னு சொல்லுவாங்க. கேமராவுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது."

"யாரு கண்ணுக்குத் தெரியாது?" என்று கேட்டீர்கள்.

"யாரு கண்ணுக்குமே."

"உங்கப்பன் கண்ணுக்கு?"

"அவருக்கும்தான்."

நீங்கள் தாடியைத் தடவிக்கொண்டீர்கள். "அப்பச் சரி. இந்த ஒரு சமாச்சாரத்துல நானும் அவனும் ஒண்ணு" என்றீர்கள். கண் முழுவதும் போன பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உங்கள் கண்ணைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் உங்கள் வாயைப் பற்றி எழுத வேண்டும். ஊட்டி டாக்ஸி ஸ்டேண்டில் உங்களைவிட நன்றாக வண்டி ஓட்டியவர்கள் உண்டு. உங்களைவிட நன்றாகப் பனி விற்றவர்கள் இல்லை. தொட்டபெட்டா உச்சியில் கை நீட்டினால் விரல் தெரியாத பனி. மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் குழந்தை குட்டியோடு வந்தவர்கள் ஸ்வெட்டருக்குள் சுருண்டு நிற்பார்கள். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அது பனியைப் பெரிதாக்கிக் காட்டும். அப்போது நீங்கள் முன்னால் வருவீர்கள். "அப்படியே என்ற வெரல் போற பக்கம் பாருங்க. இந்த வெள்ளைக்குப் பின்னால கோயம்புத்தூரு. இந்தாண்ட மைசூரு. நடுவால ஒரு கோடு தெரியுது பாருங்க, அதான் பவானி ஆறு." அரை நிமிடத்தில் ஒரு குழந்தை "தெரியுது!" என்று கத்தும். பிறகு அம்மாவுக்குத் தெரியும். கடைசியில் அப்பாவும், காசு கொடுத்து வந்தவர் இல்லையா, தெரிகிறது என்று ஒப்புக்கொள்வார். நம் ஸ்டேண்டில் இதற்குப் பெயரே "ஊட்டி காட்டுவது". நானும் உங்களைப் பார்த்துக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் கோயம்புத்தூரில் நீங்கள் காட்டுகிற அளவுக்கு வீடுகள் இருக்காது, அவ்வளவுதான்.

அப்புறம் சர்க்கரை உங்கள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முதலில் சாயங்கால ஓட்டம் நின்றது. பிறகு வண்டியே விலை போனது. நம் ஆட்கள் ஒவ்வொருவராக உங்களைப் பார்க்க வந்தார்கள். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். "பாய், இன்னைக்கு மலையெல்லாம் பச்சப்பசேல்னு இருக்குது பாத்துக்கங்க." "பாய், கேத்திப் பக்கம் மேகம் பஞ்சாட்ட எறங்குது." ஒருநாள் நானும் அப்படி ஏதோ எடுத்துவிட்டேன். நீங்கள் கையை நீட்டி என்னை நிறுத்தினீர்கள்.

"மாப்ள, வெளிய மழை தூறுது. தகரத்துல சத்தம் கேக்குது. நீ எனக்கு வெயிலக் காட்டிட்டிருக்கற."

அதன் பிறகு நீங்கள் யாரையும் உட்காரச் சொல்வதில்லை. சிறுநீரகமும் கெட்டு, வாரம் இரண்டு தடவை மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் மிஷினில் படுக்க வேண்டும் என்று ஆனது. கொஞ்ச நாள் போனீர்கள். பிறகு ஒருநாள் உங்கள் வீட்டு அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, அவரு இனிமேட்டு கீழ வரமாட்டாராம். பாத்தது போதுங்கறாரு."

உங்கள் பையன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் போனில் அழுதும் நீங்கள் அசையவில்லை என்றார். டாக்டர் சொன்னதை நான் கேட்டிருந்தேன். மிஷினை விட்டால் அதிக நாள் இல்லை. அதனால்தான் அன்று பவித்ராவையும் இழுத்துக்கொண்டு வந்தேன். உங்களோடு பேச எனக்கு வார்த்தை இல்லை. அவளுக்காவது ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். அவளும் பாவம், என்ன பேசுவது என்று தெரியாமல்தான் ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

நீங்கள் சிரித்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. தன் வேலையைச் சொல்ல ஆரம்பித்தாள். அமெரிக்காக்காரர்கள் ஒரு தொலைநோக்கியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அது பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறது, பகலும் ராத்திரியும் சேருகிற கோட்டின் மேலேயே. சூரியனைப் பார்க்காது, பூமியையும் பார்க்காது. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இந்த வெளிச்சத்தில் வானத்தைப் பட்டை பட்டையாகப் படம் எடுக்கிறது. ஆறு மாதத்தில் முழு வானமும் முடிந்துவிடும்.

"முழு வானம்னா? நல்ல எடமாப் பாத்துப் பொறுக்கியா?"

"இல்லீங்க மாமா. பொறுக்கறதே கெடையாது. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கற எடத்தையும் எடுக்கும். எதையும் விடாது."

"அப்ப வியூ பாயிண்டே கெடையாது."

"கெடையாது."

"அட. ஒருத்தனாவது ஒழுங்கா டூர் போறானே" என்றீர்கள். "சரி, இந்த வெளிச்சத்துல எடுத்தா என்ன லாபம்?"

வானத்தில் நிறையத் தூசி இருக்கிறது என்றாள். சாதாரண வெளிச்சம் அதில் மாட்டிக்கொள்ளும். இது தாண்டி வந்துவிடும். தூசிக்குப் பின்னால் இருக்கிற நட்சத்திரமும் தெரியும். அது தவிர, சூரிய வெளிச்சத்தில் ஏறக்குறையப் பாதி இந்த வகைதான். காலையில் வெயில் காயும்போது உடம்புக்குச் சூடு கொடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு என்றாள். நீங்கள் உடனே முகத்தைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தீர்கள்.

"அப்ப எனக்குத் தெரியுது. தாடி இல்லாத எடத்துல எல்லாம் தெரியுது" என்றீர்கள். "மாப்ள, உன்னைய ஒருபடி முந்திட்டேன்."

கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். மிஷினுக்குக் கீழே வருகிறேன் என்றீர்கள். ஆனால் போகிற வழியில், இந்த வாரம் வானத்தில் எவ்வளவு ஆயிற்று, என்ன வந்தது என்று நான் சொல்ல வேண்டும். "ஆனா ஒண்ணு. எனக்கே ஊட்டி காட்டக் கூடாது. பாத்தத சொல்லோணும். தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லோணும்." உள்ளே அக்கா ஸ்வெட்டர் தேடுகிற சத்தம் கேட்டது. நீங்கள் மனதை மாற்றிக்கொள்வதற்குள் எடுத்து வைத்துவிட வேண்டும் என்கிற அவசரம்.

இப்படித்தான் பத்தாவது தேறாத ஒரு டாக்ஸி டிரைவருக்கு வானத்தைப் பார்த்துச் சொல்கிற உத்தியோகம் வந்தது. படங்களை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று பவித்ரா சொன்னபோது, "டிக்கெட்டு இல்லையா?" என்று நீங்கள் நம்பாமல் கேட்டீர்கள். வாரா வாரம் அவள் எனக்குச் செல்போனில் படம் அனுப்புவாள். நான் ஸ்டேண்டில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிப்பேன். பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் ஸ்டேண்டுக்கே வந்திருக்க மாட்டேன்.

முதல் தடவை இறங்கியது நினைவிருக்கிறது. குன்னூர் தாண்டியதும் கேட்டீர்கள்.

"சொல்லு."

"புள்ளி புள்ளியா இருக்குதுங்க பாய்."

"எவ்வளவு?"

"நெம்ப. ரவையக் கொட்டுனாப்ல, வைரத்த வாரி எறச்சாப்ல..."

"வைரம் நீ எங்கடா பாத்த?"

ஒரு வளைவு போனது.

"மொதல்ல இருந்து சொல்லு."

"கருப்பு. அதுல வெள்ளைப் புள்ளி. செலது பெருசு, செலது சிறுசு. கீழ் மூலையில செவப்பா ஒரு கறை."

"கறைன்னா?"

"தூசின்னு பவி சொல்றா."

"உனக்கு என்னன்னு தெரியுது?"

"கறைன்னு."

"அப்பக் கறைன்னே சொல்லு. தூசின்னு பவி சொன்னான்னு தனியாச் சொல்லு. ரெண்டையும் கலக்காத."

வாழ்நாள் முழுக்க இரண்டையும் கலந்தே பிழைத்த மனிதர் பேசுகிற பேச்சா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்களும் அதைத்தான் நினைத்தீர்கள் போலிருக்கிறது. "நாங் கோயம்புத்தூரக் காட்டுன சனமெல்லாம் இப்ப என்னையப் பாத்தாச் சிரிக்கும்" என்றீர்கள்.

உங்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை, பாய். டிரைவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவதைவிடச் சிரமம், கண் தெரியாத டிரைவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவீர்கள். வண்டி சாய்கிற சாய்விலேயே எந்த வளைவு என்று உங்கள் உடம்புக்குத் தெரிந்துவிடும். எனக்கு முன்னால் உங்கள் வலது கால் அமுங்கும். அப்புறம் என் கால். அப்புறம் உங்கள் வாய்.

"லேட்டு."

"சரியாத்தானுங்க போட்டேன்."

"லேட்டு. நீ எப்பவுமே லேட்டு."

கல்லாறு தாண்டி, சூடு ஏறி, ஸ்வெட்டரைக் கழற்றும்வரை இது நடக்கும். உங்கள் காலடி ரப்பர் மேட்டில் வலது குதிகால் படுகிற இடம் முதலில் வழுவழுவென்று ஆனது. பிறகு வெளுத்தது. பிறகு ஓட்டையே விழுந்தது.

வாரம் போகப் போக எனக்குச் சொல்ல வந்தது. படத்தில் இருக்கிற நிறம் எதுவும் அசல் நிறம் இல்லை, கண்ணுக்குத் தெரியாததை நமக்குப் புரிவதற்காகப் பூசியது என்று பவித்ரா சொன்னதை, மறைக்காமல் சொன்னேன். "பூசினதுன்னு அவங்களே சொல்றாங்களா? அப்ப நல்ல ஆளுங்கதான்" என்றீர்கள். அந்தத் தொலைநோக்கியைக் கடுங்குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், கொஞ்சம் சூடானாலும் அதன் சூடே அதன் கண்ணுக்கு வெளிச்சமாகிப் படத்தைக் கெடுத்துவிடும் என்பது எனக்கு எத்தனை தடவை கேட்டும் பிடிபடவில்லை. உங்களுக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. "வண்டிக்குள்ள லைட்டப் போட்டுட்டு இருட்டுல ஓட்டுனா ரோடு தெரியுமா? அதான்" என்றீர்கள். இதை பவித்ராவிடம் சொன்னேன். அவள் தன் வகுப்பில் சொன்னாளாம். உங்கள் பெயரைச் சொன்னாளா என்று கேட்டீர்கள். "ஊட்டியில எங்க மாமா ஒருத்தரு"ன்னு சொன்னாளாம் என்றேன். பர்லியாறு வரை உங்கள் கால் பிரேக்கை மிதிக்கவில்லை.

அந்த நல்ல நேரத்தில்தான் நமக்கு அந்த யோசனை வந்தது. யாருக்கு முதலில் வந்தது என்பதில் இன்னும் தகராறு. நான் உங்களுடையது என்பேன். நீங்கள் இல்லை என்று மறுக்க வழியில்லாத இடத்தில் இருக்கிறீர்கள். தூசியைத் தாண்டி வருகிற வெளிச்சம் நம்மூர்ப் பனியைத் தாண்டாதா? வண்டி முன்னால் அப்படி ஒரு கேமராவை மாட்டிவிட்டால், பனியில் நின்று தவிக்கிற பிழைப்பு முடிந்தது. தொட்டபெட்டாவில் பனி மூடினாலும், பொய் சொல்லாமலே கோயம்புத்தூரைக் காட்டலாம். ஆஸ்பத்திரியில் நீங்கள் மிஷினில் படுத்திருந்த நேரத்தில் நான் கடைவீதிக்குப் போய், இருட்டில் பார்க்கிற ரகக் கேமரா ஒன்றையும் சின்னத் திரையையும் வாங்கி வந்தேன். மூக்கில் சிவப்பாக மினுங்குகிற விளக்குகள் வைத்தது. கடைக்காரர் "ஊட்டுக்கு மாட்டறதுங்க இது, வண்டிக்கில்லீங்க" என்று சொல்லத்தான் சொன்னார். மலைக்குக் கீழே இருக்கிறவருக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி ஏறும்போது கேத்திக்குக் கிட்டத்தில் நல்ல பனி. பொழுதும் சாய்கிற நேரம். ஓரமாக நிறுத்தி, கேமராவை முன்னால் மாட்டி, திரையைப் போட்டேன். உங்கள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன தெரியுது?"

எதிரே ரோடும் தெரியவில்லை, திரையில் ரோடும் தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் சாம்பல். திரையில் பார்த்தால் பால். கேமரா தன் விளக்கைப் பனியில் அடித்து, அடித்த வெளிச்சத்தைத் தானே திருப்பி வாங்கிக்கொண்டிருந்தது. பனி முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது, அதுதான் லாபம்.

"வெள்ளை" என்றேன்.

"முழுக்கவா?"

"முழுக்க."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும் வெள்ளைதானுங்க."

நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து, அது அடங்கி மறுபடியும் சிரித்தீர்கள். "மாப்ள, வண்டி ஓட்ட வந்த நாள்லருந்து இன்னைக்குத்தான் நீ ஒரு வியூவ ஒழுங்காச் சொல்லியிருக்கற" என்றீர்கள். பவித்ராவுக்கு அங்கிருந்தே போன் போட்டோம். அவளும் சிரித்தாள். வானத்துத் தூசி அந்த வெளிச்சத்தின் அலையைவிடப் பொடிசு, அதனால் அது நழுவி வந்துவிடும். நம்மூர்ப் பனித்துளி அதைவிடப் பெரிசு, மோதித் திரும்பிவிடும் என்றாள். "அப்ப அமெரிக்காக்காரனாலயும் நம்ம பனிய ஒண்ணும் பண்ண முடியாது" என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள், ஏதோ பனி நம் ஸ்டேண்டின் சொத்து மாதிரி. அந்தக் கேமரா இப்போது என் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு மேலே இருக்கிறது. கீரி வருவது நன்றாகத் தெரிகிறது.

ஆனால் உங்களை வீட்டில் விட்டுவிட்டு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் இருந்தது. வானம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. முடிந்ததும் என்ன? நீங்கள் வருவது அதற்காகத்தான் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஒருநாள் அக்கா வாசலுக்கு வந்து, உங்கள் காதில் விழாத தூரம் பார்த்து, "அந்தப் படம் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்குது தம்பி?" என்று கேட்டார். வேறு எந்த வீட்டிலும் வானத்தைப் பற்றி யாரும் அப்படிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நான் பவித்ராவுக்குப் போன் செய்து, கொஞ்சம் மெதுவாக எடுக்கச் சொல்ல முடியுமா என்றே கேட்டுவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். இல்லை.

"மெதுவா எல்லாம் போகாதுப்பா. ஆனா மொத சுத்து முடிஞ்சா நிக்காது. மறுபடியும் மொதல்ல இருந்து எடுக்கும். ரெண்டு வருசத்துல நாலு சுத்து" என்றாள்.

அன்று நான் லவ்டேல் ரோட்டில் வண்டியைக் கண்டபடி விரட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். "முடியாதுங்க பாய்! மறுபடியும் சுத்துமாம்!" என்றேன். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"எவ்வளவு நாளைக்கு?"

"ரெண்டு வருசம்."

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

நான் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

"என்னைய மிஷின்ல படுக்கவெக்க அமெரிக்காக்காரனையே கூட்டு சேத்துக்கிட்டீங்க, அப்படித்தான?" என்றீர்கள். குரலில் கோபம் இல்லை. நீங்கள் எல்லாம் தெரிந்துதான் வந்துகொண்டிருந்தீர்கள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. "சரி, மொத சுத்து முடியட்டும். துண்டு துண்டாச் சொன்னது போதும். முழுசையும் ஒண்ணா வெச்சுப் பாத்துட்டு வந்து சொல்லு. பொறவு ரெண்டாவது சுத்தப் பத்திப் பேசலாம்."

அதற்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழை விட்டு, நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் நீங்கள் போனீர்கள். கீழே போகிற நாள் அல்ல. வெயில் வந்ததும் வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு அக்கா டீ போடப் போயிருக்கிறார். வந்து பார்க்கும்போது நீங்கள் சுவரில் சாய்ந்து, முகத்தை வெயிலுக்குக் கொடுத்தபடி இருந்தீர்களாம். தூங்குகிறீர்கள் என்று டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறிப்போன பிறகுதான் தெரிந்தது. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். உங்களைச் சுமந்து போனபோது ஸ்டேண்ட் முழுக்க வந்தது. எல்லா வண்டியும் நின்ற நாள் அது ஒன்றுதான். ஆளுக்கு ஒரு கை மண் போட்டோம். யாரும் மலையைப் பற்றியோ மேகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

முழு வானம் அதற்குப் பிறகு வந்தது, பாய். பவித்ரா அனுப்பியிருந்தாள். கீழே "மாமாவுக்கு" என்று எழுதியிருந்தாள். நான் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டவன். கேளுங்கள்.

படம் முட்டை வடிவத்தில் இருக்கிறது, படுக்கவைத்த முட்டை. உருண்டையாக நம்மைச் சுற்றி இருக்கிற வானத்தை உரித்து விரித்தால் அப்படித்தான் வரும் என்று பவி சொல்கிறாள். நடுவில் இடமிருந்து வலமாக ஒரு பட்டை. அது நம் நட்சத்திரக் கூட்டம், உள்ளே இருந்து பார்ப்பதால் பட்டையாகத் தெரிகிறது என்பதும் அவள் சொன்னதுதான். எனக்குத் தெரிவது, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கிற பட்டை. அதன் மேல் சிவப்புக் கறைகள். நாம் வழியெல்லாம் பேசிய அதே கறைகள், இப்போது ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன. துண்டாகப் பார்த்தபோது கறையாக இருந்தது, சேர்த்துப் பார்த்தால் புகை மாதிரி கிளை விட்டுப் போகிறது. இதை நான் பார்த்தேன், அவள் சொல்லவில்லை. அங்கங்கே நீலம். நீலமும் பூசியதுதான்.

பிறகு அவள் அதே வானத்தின் இன்னொரு படத்தை அனுப்பினாள். அது வேறு ஒரு நிறத்தில் எடுத்தது. நூற்றுச் சொச்சம் நிறத்தில் எடுத்திருக்கிறார்களாம். அதில் சிவப்புக் கறை இல்லை. தூசி போன இடம் தெரியவில்லை. புள்ளிகள் மட்டும். பட்டைக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற காலி இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கேயும் புள்ளிகள். இன்னும் பெரிதாக்கினேன், படம் கலங்கிவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

"அதுல நம்ம எங்க இருக்கோம்?" என்று ஒருநாள் கேட்டீர்களே, அதையும் கேட்டு வைத்தேன். நாம் அதில் இல்லையாம். படம் எடுக்கிறவன் படத்தில் வரமாட்டான் என்கிற கதை. ஊட்டியும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறது. வைரம் மாதிரியெல்லாம் இல்லை.

இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசலாம் என்றீர்கள். பேசாமல் போய்விட்டீர்கள்.

போன வாரம் சேலத்துக் குடும்பம் ஒன்றைத் தொட்டபெட்டா கூட்டிப்போனேன். உச்சியில் சுத்தமாகப் பனி. அவர்களில் ஒரு பெரியவர், "டிரைவர், கோயமுத்தூர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். என் கை பழக்கத்தில் தானாக எழுந்தது. எழுந்த கையைக் கொண்டு காதைச் சொறிந்துகொண்டேன். "ஒண்ணும் தெரியலீங்க. வெள்ளையா இருக்குது. அதுக்கு அந்தாண்டதான் கோயம்புத்தூரு இருக்குதுங்க" என்றேன். "வெள்ளையா இருக்கறது எங்களுக்கும்தான் தெரியுது" என்றார் கடுப்பாக. அன்று டிப்ஸ் கிடைக்கவில்லை. நீங்கள் பிழைக்கத் தெரிந்தவர், கண் இருந்தவரை இந்தக் காரியத்தைச் செய்யவில்லை.

இறங்கும்போது அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். காலடியில் பார்த்துவிட்டு, "மேட்டு ஓட்டையாக் கெடக்குதே, மாத்தக் கூடாதா?" என்றார்.

"மாத்தோணுங்க" என்றேன். மாற்றப் போவதில்லை.

பேசிக்கொண்டே வந்ததில் நானே கவனிக்காத ஒன்றை அன்றுதான் கவனித்தேன். வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நான் இத்தனை வருடம் மிதித்த இடத்துக்கு முன்னால், உங்கள் கால் மிதிக்கிற இடத்தில், என் கால் மிதிக்கிறது. வண்டி குலுங்காமல் வழுவழுவென்று திரும்புகிறது. நீங்கள் சொன்னது சரிதான், பாய். நான் லேட்டாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.